பேராவூரணிப் பக்கத்திலிருந்து துவாஸ் வரை: ஒரு வொர்க் பெர்மிட் குடும்பத்தின் வரவு செலவு

2020 டிசம்பர் 14 அன்று சிங்கப்பூர் அரசு ஒரு கணக்கை வெளியிட்டது. தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருந்த ஏறத்தாழ 3,23,000 பேரில் 54,505 பேருக்குப் பிசிஆர் சோதனையில் கொரோனா உறுதியாகியிருந்தது. அதுபோக இன்னும் 98,289 பேரின் ரத்தத்தில், எப்போதோ தொற்று வந்துபோன தடயம் இருந்தது. சேர்த்துப் பார்த்தால் 47 சதவீதம், கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர். அதே நாட்டில், அதே மாதங்களில், அடுக்குமாடி வீடுகளில் இருந்த மக்களிடம் தொற்று சில ஆயிரத்தோடு நின்றுவிட்டது.

என் அத்தை மகன் அந்த 54,505 பேரில் ஒருவர். இனி அவரை மச்சான் என்றும் அவர் மனைவியைத் தங்கச்சி என்றும் சொல்கிறேன். அவரும் அவர் மனைவியும் எழுதச் சொல்லித்தான் எழுதுகிறேன், பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள், கம்பெனியின் பெயரும் விடுதியின் பெயரும்கூட வேண்டாம் என்றார்கள், ஏனென்றால் மச்சானின் வேலை அனுமதி அட்டையான பெர்மிட் இன்னும் கம்பெனியின் கையில் இருக்கிறது. வைரஸைப் பற்றி எழுதுவது என் நோக்கமில்லை. அது வருவதற்கு முன்பே அந்த அறையில் யார் யார், எத்தனை பேர், எந்த விதியின்கீழ் படுத்திருந்தார்கள், அந்த விதி பேராவூரணிப் பக்கத்தில் ஒரு வீட்டின் அடுப்படி வரைக்கும் எப்படி வந்து நிற்கிறது என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். இதில் ஒரு கெட்ட முதலாளியையோ ஒரு திருட்டு ஏஜென்டையோ காட்டிவிட்டு முடித்துக்கொள்வது சுலபம். ஆனால் மச்சானின் முதலாளி அப்படி ஒன்றும் மோசமானவர் இல்லை. எல்லாம் விதிப்படி நடந்தபோதே இவ்வளவு நடந்திருக்கிறது, என் வருத்தமே அதுதான்.

புயலும் கடனும்

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா கரையைக் கடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் போய் விசாரித்தால் இன்றைக்கும் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். மச்சானுக்கு ஒன்றரை ஏக்கர் தோப்பு. விடிந்து பார்த்தபோது பத்துப் பன்னிரண்டு மரம் நின்றது, மற்றதெல்லாம் வேரோடு சாய்ந்து ஒரே பக்கமாகக் கிடந்தது. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று 1,100 ரூபாய் அறிவித்தது. தென்னம்பிள்ளையை வைத்தால் காய்க்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி? எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு மூன்று தலைமுறையாக ஒரே பதில்தான், சிங்கப்பூர்.

கட்டுமான வேலைக்குப் போவதென்றால் முதலில் ஸ்கில் டெஸ்ட் அடிக்க வேண்டும். பயிற்சி மையத்தில் சேர்ந்து, தேர்வு எழுதி, தேறினால்தான் சான்றிதழ். மச்சான் கம்பி கட்டுகிற வேலையில் தேறினார். பயிற்சி, தேர்வு, ஏஜென்ட், டிக்கெட் எல்லாம் சேர்த்து 3,20,000 ரூபாய் ஆனது. தங்கச்சியின் ஆறு பவுன் வங்கியில் அடகுக்குப் போனது, ஒரு லட்சம் மூணு வட்டிக்கு ஊரிலேயே ஒருவரிடம், மீதி மகளிர் குழுக் கடன்.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு வரம்பு உண்டு. பெர்மிட் ஒரு வருடத்துக்கு என்றால் ஒரு மாதச் சம்பளம், எத்தனை வருடமானாலும் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். மச்சானுக்குப் பேசிக், அதாவது ஓவர்டைம் சேராத அடிப்படைச் சம்பளம், ஒரு நாளைக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மாதம் 26 நாள் என்று போட்டால் 468 வெள்ளி, இரண்டு மாதத்துக்கு 936, அன்றைய மதிப்பில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குள். அவர் கொடுத்ததோ அதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். ஆனால் சட்டம் மீறப்பட்டதாக எங்கேயும் பதிவாகாது, ஏனென்றால் அந்த வரம்பு சிங்கப்பூரில் உரிமம் வாங்கிய ஏஜென்டுக்குத்தான். பணம் கை மாறியது இங்கே, ஒரு டீக்கடை மாடியில், ரசீது இல்லாமல்.

சரி, இங்கே இருக்கிற சட்டம் என்ன செய்தது? இந்தியாவில் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. சவூதி, கத்தார், மலேசியா என்று ஒரு பட்டியல் வைத்து, பத்தாம் வகுப்பு முடிக்காதவர் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்கிறது. அந்த அனுமதியோடு 10 லட்சம் ரூபாய் காப்பீடும் கட்டாயமாகச் சேர்ந்து வரும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஒழுங்கான நாடு, தனிப் பாதுகாப்பு தேவைப்படாது என்ற நினைப்பு காரணமாக இருக்கலாம். விளைவு என்னவென்றால், டெல்டாவிலிருந்தும் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரத்திலிருந்தும் வருடாவருடம் போகிறவர்களில் யார் எந்த ஏஜென்டிடம் எவ்வளவு கொடுத்துப் போனார் என்பதற்கு ஒரு அலுவலகத்திலும் காகிதம் இல்லை.

பெர்மிட் என்ன சொல்கிறது

2019 ஆகஸ்டில் மச்சான் போனார். அப்போது தங்கச்சி ஐந்து மாதக் கர்ப்பம். பையன் மூன்றாம் வகுப்பு.

கட்டுமானத் தொழிலாளிக்குக் கிடைப்பது வொர்க் பெர்மிட். அது எப்படிப்பட்ட அட்டை என்று போகிறவர்களுக்கே பாதி தெரியாது. முதலாளி நினைத்தால் எந்த நாளும் ரத்து செய்யலாம். மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை கட்டியிருக்க வேண்டும், ஆள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் அந்தத் தொகை போய்விடும். அதனால் நம்மூர் ஆளைக் கண்காணிப்பது முதலாளிக்கு ஒரு செலவுக் கணக்காகவே ஆகிவிடுகிறது. அப்புறம் லெவி. தொழிலாளியை வைத்துக்கொள்வதற்காக முதலாளி மாதாமாதம் அரசுக்குக் கட்டுவது. 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத்தில் பேசிக் ஸ்கில் ஆளுக்கு 900 வெள்ளி, ஹையர் ஸ்கில் ஆளுக்கு 500 வெள்ளி. புதிதாக இறங்குகிற ஆளின் பேசிக் சம்பளத்தைவிட அவருக்காகக் கட்டுகிற லெவி கூடுதல். இதை லெவியைப் பற்றிய குறையாகச் சொல்லவில்லை, ஒரு ஆளுக்காக ஒரு கம்பெனி மாதம் 1,500 வெள்ளிக்கு மேல் செலவழிக்கத் தயாராக இருக்கிறது, அதில் அந்த ஆளின் கைக்கு வருவது சின்னப் பங்கு என்று காட்டத்தான் சொல்கிறேன்.

அதே பெர்மிட்டின் இன்னொரு விதி, வீட்டை நேராகத் தொடுவது: வொர்க் பெர்மிட்காரர் மனைவி பிள்ளைகளை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. குடும்ப அட்டைக்கு, அதாவது டிபென்டன்ட் பாஸுக்கு, நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸோ உயர்நிலை வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸோ இருக்க வேண்டும், நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வதென்றால்கூட வொர்க் பெர்மிட்காரர் மனிதவள அமைச்சிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், பெர்மிட் முடிந்து போன பிறகும் அது பொருந்தும். பத்து வருடம் உழைத்தாலும் இருபது வருடம் உழைத்தாலும் நிரந்தரவாசம் என்ற பேச்சு இந்த அட்டையில் கிடையாது.

எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான். இன்ஜினியரிங் முடித்து, 2018-இல் எம்ப்ளாய்மென்ட் பாஸில் போனான். அடுத்த வருடமே மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டான், குழந்தை அங்கேயே பாலர் பள்ளிக்குப் போனது. மச்சானும் அவனும் ஒரே தெருவில் கிட்டிப்புள் விளையாடியவர்கள். இரண்டு பேருக்கும் திருச்சியிலிருந்துதான் விமானம். ஒருவனுக்குக் குடும்பத்தோடு வாழ்கிற ஊராக இருந்தது, இன்னொருவருக்கு வேலை செய்துவிட்டுப் படுக்கிற ஊராக இருந்தது. ஒருவன் படித்தான், ஒருவர் படிக்கவில்லை, அதற்கேற்ற சம்பளம் என்று சொல்வார்கள். சம்பளத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது வேறு. தகப்பனாக இருப்பதற்கே சம்பள வரம்பு வைப்பதை அந்த நியாயத்தில் அடக்க முடியாது.

அறை

மேற்கு ஓரத்தில், துவாஸ் பக்கம், ஒரு பெரிய விடுதி. ஒரு அறையில் எட்டு இரட்டைக் கட்டில், 16 பேர். மச்சானுக்கு மேல்கட்டில். காலை நாலரைக்கு எழுந்தால் கழிப்பறைக்கு வரிசை, அன்றைய விதிப்படி 15 பேருக்கு ஒரு கழிப்பறை இருந்தால் போதும். ஐந்து மணிக்குக் கேட்டரிங் சாப்பாடு பொட்டலமாக வந்துவிடும், காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து. அது நள்ளிரவில் ஆக்கியது. சைட்டில் கம்பி வேலியில் பையை மாட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது சோறு ஈரம் விட்டு, சாம்பார் புளித்த வாடை அடிக்கும். மச்சான் சோற்றை மட்டும் பிரித்து, குழம்பைக் கொட்டிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாயை வைத்துச் சாப்பிடுவாராம். இதற்கு மாதம் 130 வெள்ளி சம்பளத்தில் பிடித்தம்.

வேலைக்குப் போவது லாரியின் பின்னால். சிங்கப்பூரில் காரில் பின் சீட்டில் உட்கார்ந்தாலும் சீட் பெல்ட் கட்டாயம், ஆனால் லாரியின் திறந்த தட்டில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்ல இன்றும் சட்டம் அனுமதிக்கிறது. 2021 ஏப்ரலில் பான் ஐலண்ட் விரைவுச்சாலையில் நடந்த விபத்தில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். 2023-இல் பல அமைப்புகள் சேர்ந்து இதை நிறுத்தச் சொன்னபோதும், சிறு கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாது என்ற பதில்தான் வந்தது.

இந்தப் பெரிய விடுதிகள் ஏன் எப்போதும் ஊர் எல்லையில் இருக்கின்றன? நிலம் மலிவு என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. 2008-இல் சிராங்கூன் கார்டன்ஸ் பகுதியில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தைத் தொழிலாளர் விடுதியாக மாற்றப் போகிறார்கள் என்றதும் குடியிருப்பாளர்கள் திரண்டு கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். விடுதி கடைசியில் வந்தது, தொழிலாளர்கள் குடியிருப்புத் தெருக்களுக்குள் வராதபடி தனிப் பாதையோடு வந்தது. கட்டிய வீட்டில் குடியிருப்பவர்களுக்குக் கட்டியவனின் முகம் தெரிய வேண்டாம் என்று ஆனபோதே, அந்த விடுதிக்குள் எத்தனை கட்டில் போட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவும் ஆள் இல்லாமல் போய்விட்டது. டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற அமைப்பு 2020 மார்ச்சிலேயே, இந்த நெரிசலில் தொற்று நுழைந்தால் தாங்காது என்று பத்திரிகைக்கு எழுதி எச்சரித்திருந்தது.

பூட்டு

ஏப்ரல் 5, 2020. பொங்கோல் எஸ்11 விடுதியையும் தோ குவான் வெஸ்ட்லைட் விடுதியையும் தனிமைப்படுத்தும் பகுதிகளாக அரசு அறிவித்தது. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 பேர். அடுத்தடுத்து மற்ற விடுதிகள். ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று, அநேகமாக எல்லாரும் விடுதித் தொழிலாளர்கள். அந்த நாட்களில் தினமும் வெளியாகும் அறிக்கையில் கணக்கு இரண்டாகப் பிரிந்து வரும், சமூகத் தொற்று இத்தனை, விடுதித் தொற்று இத்தனை என்று. நோயைத் துரத்துகிறவர்களுக்கு அந்தப் பிரிவு தேவைப்பட்டிருக்கும், புரிகிறது. ஆனால் மூன்று லட்சம் பேர் சமூகத்தில் சேராதவர்கள் என்று தினமும் மாலையில் செய்தியில் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கிற மச்சானுக்கு என்ன தோன்றியிருக்கும்? "நாங்க தனி நாடு போல" என்று ஒருநாள் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். வேறு ஒன்றும் எழுதவில்லை.

அறைக்குள் ஒரு மீட்டர் இடைவெளி விடச் சொன்னார்கள். இரட்டைக் கட்டிலில் மேலே ஒருவர், கீழே ஒருவர், பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு கை தூரம். எப்படி விடுவது? தலைமாட்டை மாற்றி மாற்றிப் படுத்தார்கள். ஒருவர் தலை வைக்கிற பக்கம் பக்கத்துக் கட்டில்காரர் கால் வைப்பார். அவர்களால் செய்ய முடிந்த தற்காப்பு அவ்வளவுதான். முதல் வாரங்களில் சாப்பாடு தாமதமானது, குப்பை அள்ளப்படாமல் கிடந்தது, பிறகு ராணுவமும் போலீசும் அதிகாரிகளும் சேர்ந்த குழுக்கள் விடுதிக்குள் வந்ததும் சீரானது.

மே மாதம் மச்சானுக்குக் காய்ச்சல். சோதனையில் உறுதியானது, எக்ஸ்போ கண்காட்சி அரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தனித்தனித் தடுப்பு, ஒற்றைக் கட்டில். அவர் சொன்னது: "சிங்கப்பூர் வந்து எட்டு மாசத்துல அங்கதான்டா நிம்மதியா தூங்குனேன், மேலயும் ஆள் இல்ல, கீழயும் ஆள் இல்ல." நோயாளியாக ஆன பிறகுதான் ஒரு மனிதனுக்குத் தேவையான இடம் கிடைத்திருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். சிகிச்சைக்கு அவரிடம் ஒரு காசு வாங்கவில்லை. விடுதிகளில் உயிரிழப்பு மிக மிகக் குறைவு, உலகத்தில் பல நாடுகளோடு ஒப்பிட்டால் அது பெரிய சாதனை. அன்றைய பிரதமர் லீ சியன் லூங், சிங்கப்பூரர்களைப் பார்த்துக்கொள்வதைப் போலவே உங்களையும் பார்த்துக்கொள்வோம் என்று தொலைக்காட்சியில் வாக்குக் கொடுத்தார், மருத்துவத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் நடந்தது. முதலாளிகளுக்கு லெவியைத் தள்ளுபடி செய்து, ஆளுக்கு 750 வெள்ளி திருப்பியும் கொடுத்து, தொழிலாளிக்குப் பேசிக் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்றும் சொன்னார்கள்.

ஆனால் ஊரடங்கு எல்லாருக்கும் ஒரே நாளில் முடியவில்லை. 2020 ஜூன் 19-ஆம் தேதியிலிருந்து சிங்கப்பூர் மக்கள் கடைக்கும் உணவகத்துக்கும் போனார்கள், என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வெளியே போய்ப் படம் போட்டிருந்தான். மச்சான் ஆகஸ்டுக்குப் பிறகு வேலைக்குப் போனார், வேலை விட்டால் விடுதி, அப்புறம் குறித்த நேரத்துக்குப் பொழுதுபோக்கு மையம், அவ்வளவுதான். மூன்று லட்சம் பேருக்கு மேல் இருக்கிற இடத்தில், 2021 செப்டம்பரில் முன்னோட்டமாக வாரத்துக்கு 500 பேரைத் தேக்காவுக்கும் (லிட்டில் இந்தியா) கேலாங் சிராய்க்கும் கூட்டிப் போனார்கள். விடுதியை விட்டு வெளியே போகப் பாஸ் வாங்க வேண்டும் என்ற பொது விதி 2022 ஜூன் 24 அன்றுதான் போனது. இரண்டு வருடத்துக்கு மேல்! தடுப்பூசி அநேகமாக எல்லாருக்கும் போட்டு முடித்த பிறகும் இது நீண்டது, அதனால் இதற்கு நோய்த் தடுப்பைக் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வீடு

இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை ஒருவரும் கணக்கில் எழுதவில்லை, தங்கச்சியின் டைரியைத் தவிர. பையனின் பழைய ஹோம்வொர்க் டைரியில் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருவாள், இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது.

பூட்டுக்கு முன் ஓட்டியும் (ஓவர்டைம்) ஞாயிற்றுக்கிழமை வேலையும் சேர்ந்து மச்சானுக்கு மாதம் 800 வெள்ளியைத் தாண்டும். சாப்பாடு, போன் போக 600 வெள்ளிக்கு மேல் அனுப்புவார், 31,000 ரூபாய் போல வரும். ஏப்ரலில் வெறும் பேசிக், அதுவும் மே பாதியில்தான் கணக்கில் விழுந்தது. 400 வெள்ளி, 21,000 ரூபாய். ஓட்டி இல்லாமல் இந்தச் சம்பளத்தில் எந்தக் குடும்பமும் ஓடாது என்று எல்லாருக்கும் தெரியும், சம்பளமே ஓட்டியை நம்பித்தான் போடப்பட்டிருக்கிறது. அதனால் பேசிக்கைக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லும்போது சட்டப்படி முழுச் சம்பளம், வீட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வெட்டு. வட்டிக்கு வெட்டு இல்லை. மூணு வட்டிக்காரருக்கு மாதம் மூவாயிரம் போய்க்கொண்டே இருந்தது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிப்போட வழி செய்தது, வங்கிக் கடனுக்கு அது உதவியது, ஆனால் தள்ளிப்போன மாதங்களுக்கும் வட்டி ஏறியது. குழுக் கடனில் தவணையைத் தள்ளினால் பக்கத்து வீட்டு அக்காதான் கேள்வி கேட்பார், அதனால் தங்கச்சி ஒரு வாரமும் தள்ளவில்லை.

ரேஷனில் 1,000 ரூபாயும் அரிசியும் வந்தது. நூறு நாள் வேலை ஊரடங்கில் நின்று, பிறகு திறந்தபோது ஒரு நாள் கூலி 256 ரூபாய் என்று இருந்தது. தங்கச்சியால் போக முடியவில்லை, கையில் ஐந்து மாதக் குழந்தை. 2019 டிசம்பரில் பிறந்த பொண்ணு. பிரசவச் செலவையும், மாமியாரின் சர்க்கரை மாத்திரையையும், பையனின் படிப்பையும், தோப்பில் புதிதாக வைத்த தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கூலியையும் ஒருத்தியே பார்த்தாள்.

"அண்ணே, அவரு சம்பாதிக்கிறாருன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் சும்மா இருக்கேன்னு எங்க அப்பாவே சொல்றாரு" என்றாள் ஒருமுறை. நான் இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். 18 வெள்ளிக்கு ஒரு ஆள் சிங்கப்பூரில் எப்படிக் கிடைக்கிறார்? அவர் பிள்ளை அங்கே பள்ளிக்குப் போகவில்லை, அவர் தாய் அங்கே மருத்துவமனைக்குப் போகவில்லை, அவர் மனைவிக்கு அங்கே வாடகை வீடு வேண்டியதில்லை. அந்தச் செலவெல்லாம் பேராவூரணிப் பக்கத்தில், கூலி இல்லாத ஒரு பெண்ணின் உழைப்பாலும் தமிழ்நாட்டு ரேஷன் கடையாலும் அரசுப் பள்ளியாலும் ஈடுகட்டப்படுகிறது. குடும்பத்தை அழைக்கக் கூடாது என்ற விதிதான் அந்த 18 வெள்ளியைச் சாத்தியமாக்குகிறது. ஆக, தங்கச்சியும் சிங்கப்பூருக்காகத்தான் வேலை செய்கிறாள், பெர்மிட்டும் சம்பளமும் இல்லாமல்.

பள்ளி மூடியதும் இன்னொரு தொல்லை. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன். நான்காம் வகுப்புக்குப் போன பையனுக்கு ஆசிரியர் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புவார், கல்வித் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால், அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே ஆறரை. மச்சான் கூப்பிடுகிற நேரமும் பையன் உட்கார்ந்து எழுதுகிற நேரமும் ஒன்று. அறையில் அடைபட்டவர், பேசினால்தான் மனசு ஆறும், ஒரு மணி நேரம் வைக்க மாட்டார். பையன் போனை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவான். அந்த வருடம் அவனுக்கு வகுத்தல் கணக்கு சரியாக ஏறவே இல்லை, பிறகு இல்லம் தேடிக் கல்வி வந்த மாலை வகுப்பில்தான் பிடித்துக்கொண்டான்.

விமானம் ஓடவில்லையா, வந்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. மே 7-லிருந்து வந்தே பாரத் விமானங்கள் ஓடின. வந்தால் திரும்பிப் போக அமைச்சின் நுழைவு அனுமதி வேண்டும், அது எப்போது கிடைக்கும் என்று சொல்ல ஆள் இல்லை, பெர்மிட் போனால் 3,20,000 ரூபாய் போனது போனதுதான். அதனால் அவர் பொண்ணை முதன்முதலில் தூக்கியது 2022 ஏப்ரலில். அவளுக்கு இரண்டே கால் வயது. போனில் அப்பா என்று கூப்பிட்டவள் நேரில் பார்த்ததும் பாட்டி சேலைக்குள் போய்விட்டாள், பழகி முடிப்பதற்குள் லீவு முடிந்தது.

மாறியதும் மாறாததும்

மாற்றங்கள் வந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021 செப்டம்பரில் புது விடுதிகளுக்கான தரம் அறிவித்தார்கள்: அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. 2022 ஏப்ரலில் தொழிலாளர்களுக்கென்று அடிப்படை மருத்துவத் திட்டம், ஐந்து வெள்ளி கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம். 2023 ஜூலையில் மருத்துவக் காப்பீட்டின் குறைந்தபட்சம் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 ஆனது. இதெல்லாம் தொழிலாளர்களுக்காகப் பேசிய உள்ளூர் அமைப்புகளும் 2020-இல் உலகம் பார்த்துவிட்ட படங்களும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தவை.

பழைய விடுதிகள்? அவை 2030-க்குள் இடைக்காலத் தரத்துக்கு வந்தால் போதும், புதுத் தரத்தை முழுதாக எட்ட 2040 வரை அவகாசம். மச்சானுக்கு இப்போது 41 வயது. பெர்மிட்டில் இத்தனை வருடம்தான் வேலை செய்யலாம் என்று இருந்த வரம்பை 2025 ஜூலையில் நீக்கிவிட்டார்கள், வயது வரம்பையும் 63 ஆக்கிவிட்டார்கள். ஆக இன்னும் 22 வருடம் அவர் அங்கே கம்பி கட்டலாம். அத்தனை வருடமும் மனைவியோடு ஒரு கூரையின் கீழ் இருக்க வழி இல்லை. உழைப்பை நீட்டிக்க விதியைத் திருத்த முடிகிறது, வருடத்துக்கு ஒரு மாதம் வேலை போகாமல் ஊருக்கு வந்து திரும்பும் உரிமையை எழுத முடியவில்லை. அதற்குப் பெரிய செலவுகூட ஆகாது.

தமிழ்நாட்டில் வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டம் 2011-லேயே வந்துவிட்டது, நல வாரியம் 2021-இல் அறிவிக்கப்பட்டது, ஜனவரி 12 அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. விழா நடக்கட்டும். நான் எதிர்பார்ப்பது சாதாரணமான ஒரு வேலை: தாலுகா அலுவலகத்தில் ஒரு பதிவேடு. யார் போகிறார், எந்த ஏஜென்ட், எவ்வளவு பணம், ரசீது எங்கே. ஸ்கில் டெஸ்ட் மையங்கள் வாங்குகிற தொகைக்கு ஒரு வரம்பு. நகையை விற்காமல் போக கூட்டுறவு வங்கியில் ஒரு கடன். ஓட்டுப் போடவும் இவர்கள் நேரில் வர வேண்டும், தபால் ஓட்டு கிடையாது, அதனால் இதைக் கேட்கிற ஆள் சட்டமன்றத் தொகுதியில் எப்போதும் குறைவு. கேட்க வேண்டியது வீட்டில் இருக்கிறவர்கள்தான்.

இப்போது கிளம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. ஐபிஏ கடிதம், அதாவது பெர்மிட்டுக்கு அமைச்சு கொடுக்கிற முன் ஒப்புதல் கடிதம், தமிழிலும் கொடுக்க வேண்டும், அதில் பேசிக் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்னது செல்லாது, அதில் அச்சாகியிருப்பதுதான் அமைச்சின் முன் நிற்கும். விமானம் ஏறுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்கி, ஒரு நகலை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். மச்சான் 2019-இல் அப்படிச் செய்யவில்லை, தங்கச்சிக்கு அவர் பேசிக் 18 வெள்ளி என்று தெரியவந்ததே பூட்டு போட்ட பிறகுதான்.

பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் மச்சான் கூப்பிட்டு, இவனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டால் எஸ் பாஸில் வரலாமே, எஸ் பாஸ் என்றால் குடும்பத்தை வைத்துக்கொள்ளலாமா பார்த்துச் சொல் என்றார். பார்த்தேன். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, குடும்ப அட்டைக்கு அதே 6,000. இரண்டு எண்ணையும் அப்படியே சொன்னேன். "அப்ப டிப்ளமோ பத்தாது, இன்ஜினியரிங் எவ்வளவு ஆகும்னு தங்கச்சிகிட்ட விசாரிச்சு வைக்கச் சொல்லு" என்றார். டைரியில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள்.